150 கிராம் கேமரா... நாலரை கிலோ அடி! ரேஸ் டிராக்கில் வீடியோ எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ‘டிராக் டே’ நடக்கும் நாள்களில் காலையில் இங்கே வரிசை கட்டி நிற்பவை எல்லாம் ரேஸ் கார்கள் அல்ல. வாரம் முழுக்க ஆபீஸ் போய்வந்த செடானும், குழந்தையை ஸ்கூலில் இறக்கிவிட்ட ஹேட்ச்பேக்கும்தான் அதிகம். சீட்டுக்கு அடியில் கிடக்கும் குடை, தண்ணீர் பாட்டில், டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பார்கள். ஹெல்மெட்டை மாட்டிப் பார்ப்பார்கள். கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். கேமரா! கண்ணாடியில் அதை ஒட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கும் அனுபவசாலியிடம் கேட்பார்கள்: “அண்ணா, இது நிக்குமா?”

சின்னக் கேள்விதான். ஆனால், அன்றைய வீடியோ மட்டுமல்ல, ஓட்டுபவரின் பாதுகாப்பும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

டிராக் டே என்றால் என்ன?

இது பந்தயம் அல்ல. பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. கட்டணம் கட்டி, சொந்த காரை மூடிய டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள், அவ்வளவுதான். காலையில் பாதுகாப்பு விளக்கம் கொடுப்பார்கள். பிறகு ஓட்டுபவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15, 20 நிமிடங்கள் டிராக்கில் அனுப்புவார்கள். எதிரே வண்டி வராது, மாடு குறுக்கே வராது, ஸ்பீடு பிரேக்கரும் இருக்காது. காரின் உண்மையான பலமும் ஓட்டுபவரின் உண்மையான பலவீனமும் இங்கேதான் தெரியும்.

தமிழகத்துக்கு இது புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. பிறகு அந்த கிளப் சொந்தமாக அமைத்ததுதான் 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை டிராக். நீளம் 3.7 கிலோமீட்டர், மொத்தம் 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டினார். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் ஓட்டினார். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு ரேஸிங் பற்றிய பேச்சு வீட்டு ஹால் வரைக்கும் வந்துவிட்டது.

பேச்சு வந்தால் ஆசையும் வரும்தானே! ஆசையோடு டிராக்குக்குப் போகிறவர், அதை வீடியோவாகவும் கொண்டுவர நினைப்பது இயல்பு.

150 கிராம் எப்படி நாலரை கிலோ ஆகிறது?

ஆக்‌ஷன் கேமரா ஒன்றின் எடை சுமார் 150 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஆனால், வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால் கணக்கு மாறிவிடும்.

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 15 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார், தடுப்பில் மோதி 0.05 விநாடியில் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் அதன் எடையைப்போல சுமார் 30 மடங்கு விசை விழும். 150 கிராம் கேமரா அப்போது நாலரை கிலோ கல்லைப்போல முன்னால் பாயப் பார்க்கும். ஒட்டியிருக்கும் ரப்பர் கப் அதைத் தாங்கவில்லை என்றால், கேமரா காருக்குள் பறக்கும். அங்கே இருப்பது ஓட்டுபவரின் முகமும் பக்கத்து சீட்டுக்காரரின் முகமும்தான்.

மோதல்கூட வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது கேமரா கழன்று, பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அடுத்த வளைவில் பெடல் முழுதாக அழுந்தாது. வெளியே ஒட்டிய கேமரா விழுந்தால், பின்னால் 120 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரின் கண்ணாடியில் அடிக்கும். “நிக்குமா?” என்ற கேள்விக்கு, கையால் இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: வீடியோ யாருக்காக?

கேமரா வாங்குவதற்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஊருக்குக் காட்டுவதற்கு என்றால் பம்பரில், கதவில், கூரையில் என்று விதவிதமான கோணங்கள் வேண்டும். தன் ஓட்டுதலைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு என்றால் ஒரே ஒரு கேமரா போதும். அதில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். முன்னால் இருக்கும் ரோடு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், டேஷ்போர்டில் உள்ள மீட்டர்.

இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிவது முன் கண்ணாடியில் ஒட்டிய கேமராவில் அல்ல. அதில் ரோடு மட்டும்தான் தெரியும். இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, ஓட்டுபவரின் தோள் உயரத்தில், சற்றுப் பின்னால் இருந்து பார்க்கும் கேமராதான் எல்லாவற்றையும் காட்டும். ரேஸ் கார்களில் ரோல் கேஜ் குழாய் இருப்பதால் அதில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம். நம் வீட்டு காரில் அந்தக் குழாய் இல்லை. அதற்குப் பதில் பக்கத்து சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைத் தாங்கும் இரண்டு கம்பிகள் இருக்கின்றன. அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும் ஹெட்ரெஸ்ட் மவுன்ட் கடைகளில் கிடைக்கிறது. பக்கத்து சீட்டில் யாராவது உட்காருவதாக இருந்தால், அந்த ஹெட்ரெஸ்ட்டைத் தொடக் கூடாது. அது அவரின் கழுத்தைக் காப்பாற்றும் பொருள்.

எந்த கேமரா வாங்கலாம்?

செல்போன்: கையில் இருப்பதால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால், நல்ல போன்களின் கேமராவில் லென்ஸை நிலைப்படுத்த நுண்ணிய காந்த அமைப்பு இருக்கும். அதிக சக்திகொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் ஐபோன் கேமராவின் தரம் குறையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. கார் டிராக்கிலும் அதிர்வுக்குப் பஞ்சமில்லை. போதாக்குறைக்கு போனின் எடை 200 கிராமைத் தொடும். நடுவில் அழைப்பு வந்தால் ரெக்கார்டிங்கும் தடைபடலாம். முதல் நாள் ஆசைக்கு வேண்டுமானால் சரி. வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

டேஷ்கேம்: ஏற்கெனவே காரில் இருக்கிறதே என்று பலர் இதையே நம்புவார்கள். இது விபத்து சாட்சிக்காகச் செய்யப்பட்ட கருவி. ஒன்று முதல் சில நிமிடங்கள் வரையிலான துண்டுகளாகப் பதிவு செய்து, கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துவிடும். டிராக்கில் பலமாக பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ‘விபத்து’ என்று நினைத்து ஒரு துண்டைப் பூட்டி வைக்கும். அரை நாளில் கார்டு முழுக்கப் பூட்டிய துண்டுகளாகவே இருக்கும்.

ஆக்‌ஷன் கேமரா: பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு. எடை குறைவு, அதிர்வைத் தாங்கும், மவுன்ட் வகைகள் எளிதில் கிடைக்கும். விலை உயர்ந்த புது மாடல்தான் வேண்டும் என்பதில்லை. விநாடிக்கு 60 ஃபிரேம் எடுக்கக்கூடிய, இரண்டு மூன்று வருடம் பழைய மாடலே போதும். லேப் நேரத்தையும் வேகத்தையும் வீடியோவின் மேல் காட்ட விரும்பினால், ஜி.பி.எஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். உதாரணமாக, 2023-ல் வந்த கோப்ரோ ஹீரோ 12-ல் ஜி.பி.எஸ் இல்லை, அடுத்த ஆண்டு வந்த ஹீரோ 13-ல் மீண்டும் சேர்த்தார்கள்.

360 டிகிரி கேமரா: எல்லா திசைகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். எந்தப் பக்கம் வேண்டும் என்பதை வீட்டுக்கு வந்து முடிவு செய்யலாம். ஆனால், எடிட் செய்யப் பொறுமையும் நல்ல கம்ப்யூட்டரும் வேண்டும்.

60 ஃபிரேம் ஏன்?

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கார் 1.1 மீட்டர் நகர்ந்திருக்கும். 60 ஃபிரேம் என்றால் அரை மீட்டர்தான். எந்த இடத்தில் பிரேக்கில் கால் வைத்தோம் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உதவும். ஜி.பி.எஸ் கருவிக்கும் இதே கணக்குதான். விநாடிக்கு ஒரு முறை மட்டும் இடத்தைக் குறிக்கும் கருவியில் 33 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். விநாடிக்கு 10 முறை குறிப்பது என்றால் மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் கூடாது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, 20 நிமிடத்தில் 15 ஜி.பி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் நான்கு முறை ஓட்டினால் 60 ஜி.பி. கார்டில் ‘வி30’ என்ற குறியீடு இருந்தால், அது விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதக்கூடியது என்று பொருள். போலி கார்டுகள் நிறைய உலவுவதால், புது கார்டை வீட்டிலேயே முழுதாக நிரப்பி சோதித்துவிடுவது நல்லது.

செட்டிங்கில் செய்யும் தவறு

கேமராவின் பெட்டியில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுவது படம் ஆடாமல் காக்கும் ஸ்டெபிலைசேஷன். காருக்குள் அதுவே தொல்லை. கார் திரும்பும்போது கேமராவும் சேர்ந்து திரும்புகிறது. கையாட்டத்தால் அது திரும்புவதாக ஸ்டெபிலைசேஷன் நினைத்து, படத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால் வீடியோவில் ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் மிதப்பதுபோல அலையும். கேமராவைக் காரோடு இறுக்கமாகப் பொருத்திவிட்டு, ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுவதே நல்லது.

அடுத்தது வெளிச்சம். காருக்குள் இருட்டு, வெளியே வெயில். ஆட்டோவில் விட்டால் கேமரா காரின் உட்புறத்துக்குச் சரிசெய்துகொண்டு, ரோட்டை வெள்ளையாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைத்தால் ரோடு தெளிவாகத் தெரியும். கைகள் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை.

டேஷ்போர்டின் மேல் இருக்கும் டிஷ்யூ பெட்டி, துண்டு, வெள்ளைக் காகிதம் எல்லாம் கண்ணாடியில் பிரதிபலித்து வீடியோவைக் கெடுக்கும். எடுத்துவிட வேண்டும். டேஷ்போர்டு பிள்ளையாரும் அன்று ஒரு நாள் கீழே இறங்கி, பிட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். அவரும் மோதலில் பறக்கக்கூடியவர்தான்!

பொருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

ரப்பர் சக்‌ஷன் கப் பயன்படுத்தினால், கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். சொரசொரப்பான டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் அது பிடிக்கவே பிடிக்காது. சென்னை வெயிலில் நின்ற காரில் கப்புக்குள் இருக்கும் காற்று சூடாகி விரியும், பிடிமானம் குறையும். காலையில் ஒட்டியது மதியமும் இருக்கும் என்று நம்பாமல், ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும்.

இருபக்கப் பசை ஒட்டும் மவுன்ட் என்றால் முந்தைய நாளே ஒட்டிவிட வேண்டும். பசை நன்றாகப் பிடிக்க 24 மணி நேரமாவது ஆகும். டிராக்குக்கு வந்து ஒட்டிவிட்டு ஓட்டினால், முதல் வளைவிலேயே கழன்று வரலாம்.

மவுன்ட்டின் கை எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீளமான கை, மூங்கில் கழி நுனிபோல ஆடும். கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், அந்த ஆட்டம் வீடியோவில் ஜெல்லிபோல நெளியும். அந்த நெளிவை எந்த ஆப்பும் முழுதாகச் சரிசெய்யாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது பிடிமானம் ஒன்று வேண்டும். மெல்லிய ஸ்டீல் கயிறு ஒன்றால் கேமராவை சீட்டின் இரும்புச் சட்டத்தோடோ ஹெட்ரெஸ்ட் கம்பியோடோ கட்டிவிட வேண்டும். இதில் இரண்டு விதிகள். கயிற்றை மவுன்ட்டில் கட்டக் கூடாது, கேமராவின் கூட்டில்தான் கட்ட வேண்டும். ஏனென்றால் மவுன்ட்டிலிருந்தே கேமரா கழன்று போகலாம். கயிறு குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக விட்டால், கேமரா ஊஞ்சலாடி முகத்தில் அடிக்கும்.

ஸ்டீயரிங் நடுவில், டேஷ்போர்டில், சீட்டின் பக்கவாட்டில், கூரை ஓரத்தில் என்று ஏர்பேக் விரியும் எந்த இடத்திலும், அது விரியும் வழியிலும் கேமரா கூடாது. ஹெல்மெட்டில் துளை போட்டோ பசை போட்டோ கேமராவைப் பொருத்துவதும் கூடாது. வழுக்கிச் செல்ல வேண்டிய ஹெல்மெட், கேமரா இருக்கும் இடத்தில் சிக்கிக்கொண்டால், இழுபடுவது கழுத்து.

சத்தமும் சூடும்

வீடியோவில் இன்ஜின் சத்தம் கேட்காமல் ‘உஸ்ஸ்’ என்ற காற்று மட்டும் கேட்டால் எடுத்தவருக்கே பார்க்கப் பிடிக்காது. கண்ணாடிகளைத் திறந்து ஓட்டச் சொல்லும் டிராக்குகளில் இந்தப் பிரச்னை அதிகம். கேமராவின் மைக் துளை மீது சிறிய ஸ்பாஞ்ச் உறை போட்டால் ஓரளவு குறையும். தனி மைக் வைக்கும் வசதி இருந்தால், அதைக் காற்று படாத பின் சீட்டு அடியில் ஒட்டலாம். இன்ஜின் ஏறி இறங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டால், எங்கே ஆக்ஸிலேட்டரை விட்டோம், எங்கே கியர் மாற்றினோம் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

அடுத்த எதிரி சூடு. கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் காரில் கேமராவை விட்டுவைத்தால், ரெக்கார்டிங் தொடங்கிய சில நிமிடங்களில் சூடேறி அணைந்துவிடும். ஓட்டாத நேரத்தில் கேமராவைக் கழற்றி நிழலில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, உள்ளே ஈரம் கோத்துவிடும். 4கே வேண்டாம் என்று குறைந்த தரத்தில் எடுத்தாலும் சூடு குறையும். கற்றுக்கொள்வதற்கு அதுவே போதும்.

ரெக்கார்டிங் பட்டனை பிட்டிலேயே அழுத்திவிட வேண்டும். ஓடும்போது கேமராவைத் தொடவே கூடாது. வந்து நின்ற பிறகு அணைத்தால் போதும். வீணாகும் இரண்டு நிமிட வீடியோவால் யாருக்கும் நஷ்டமில்லை.

அனுமதியும் இன்ஷூரன்ஸும்

எல்லா டிராக் டேயிலும் கேமரா வைக்க அனுமதி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சிலர் காருக்குள் மட்டும் அனுமதிப்பார்கள். சிலர் சோதித்துப் பார்த்த பிறகே அனுப்புவார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. காரைப் பரிசோதனைக்குக் காட்டும்போது கேமராவும் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். “அப்புறம் மாட்டிக்கிறேன் சார்” என்பது சரிவராது.

இன்னொரு விஷயம், வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று நிபந்தனை இருக்கும். டிராக்கில் கார் அடிபட்டால் செலவு சொந்தப் பாக்கெட்டிலிருந்து போகலாம் என்ற தெளிவோடுதான் கிளம்ப வேண்டும்.

திரும்பி வரும்போது வெளியே ஒட்டியவற்றையெல்லாம் டிராக்கிலேயே கழற்றிவிட வேண்டும். கேமரா இருக்கும் தைரியத்தில் அதே வேகத்தை இ.சி.ஆரில் காட்ட நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு காத்திருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எடுத்த வீடியோவே சாட்சியாகிவிடும்.

திங்கள்கிழமை மாலை

டிராக் டேயின் உண்மையான பலன் மறுநாள் வீட்டில்தான் கிடைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் சாதாரண கார் ஒரு சுற்று வர இரண்டேகால் நிமிடம் போலாகும். 20 நிமிடத்தில் எட்டு, ஒன்பது சுற்று. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. வேகமாக வந்ததாக மனதுக்குத் தோன்றிய ஒரு சுற்றையும், சாதாரணமாக வந்ததாகத் தோன்றிய ஒரு சுற்றையும் எடுத்து, நேரத்தைப் பார்த்தால் போதும்.

பலருக்கு அங்கே ஒரு அதிர்ச்சி இருக்கும். டயர் அலறி, ஸ்டீயரிங் திணறி, ‘பறந்தோம்’ என்று நினைத்த சுற்றுதான் மெதுவானது. வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்து, வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டர் கொடுக்க முடியாமல் தவித்தது வீடியோவில் தெரியும். சத்தமே இல்லாமல், சீக்கிரம் பிரேக் பிடித்து, நிதானமாகத் திரும்பிய சுற்று இரண்டு, மூன்று விநாடி வேகமாக இருக்கும். கைகள் பதற்றமில்லாமல் ஒரே ஒரு முறை திரும்பியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சியாளர் சொன்னால்கூட நம்பாததை, தன் கைகளே காட்டும்போது நம்பாமல் இருக்க முடியாது.

அடுத்த முறை அதே வளைவுக்கு ஐந்து மீட்டர் முன்பாகவே கால் பிரேக்குக்குப் போகும். நாளைக்கு மழையில், பைபாஸில், பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு லாரி குறுக்கே வந்தால், பதறாத அந்தக் கைகள்தான் உதவிக்கு வரும்.

கிளம்பும் முன் இரண்டு நிமிட செக்லிஸ்ட்

* காருக்குள் கழன்று விழக்கூடிய பொருள் எதுவும் இல்லையே?
* மவுன்ட் இறுக்கமா? பிடித்து இழுத்தால் கேமராவோடு காரும் சேர்ந்து அசைய வேண்டும்.
* ஸ்டீல் கயிறு கேமராவில் கட்டியிருக்கிறதா? குட்டையாக இருக்கிறதா?
* ஏர்பேக் விரியும் வழியில் கேமரா இல்லையே? ஓட்டுபவரின் பார்வையை மறைக்கவில்லையே?
* ஸ்டெபிலைசேஷன் அணைந்திருக்கிறதா? 60 ஃபிரேம் வைத்தாயிற்றா?
* கார்டில் இடம், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா? லென்ஸ் துடைத்தாயிற்றா?
* சிவப்பு விளக்கு எரிகிறதா?

எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று பதில் வந்தால், கேமராவை மறந்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டலாம். ஒன்றுக்காவது சந்தேகம் இருந்தால், அந்தச் சுற்றை வீடியோ இல்லாமலே ஓட்டுங்கள். வீடியோவை அடுத்த டிராக் டேயில்கூட எடுத்துக்கொள்ளலாம்.